மஞ்சள் கால் வெடை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி கூடையில் மூன்று கோழிகளோடு வந்து நின்றாள். "தாத்தா, இது மூணும் வெடைதானான்னு பாத்துச் சொல்லுங்க. விக்கப் போறேன்" என்றாள். பட்டா, முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு அது இயல்பு. ஆனால் கோழி பார்க்கச் சொல்லி வருகிறவர்களும் சேரங்கோட்டில் நாலைந்து பேர் இருக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் என் மாமியார். அந்த அம்மாள் காலமாகி வெகுநாளாயிற்று. அவர் சொல்லிக் கொடுத்த வித்தைகளில் எனக்கு ஒட்டியது இது ஒன்றுதான்.

எழுத்தில் விடைக்கோழி, பேச்சில் வெடை. பருவத்துக்கு வந்து, இன்னும் முதல் முட்டை இடாத பெட்டை. தொல்காப்பியத்து மரபியல், கோழிப் பெண்ணுக்கு அளகு என்ற பெயரைக் கொடுத்து, கோழிக்கும் கூகைக்கும் தவிர வேறெதற்கும் அது பொருந்தாது என்று கறாராகச் சொல்கிறது. இன்று சந்தையில் அளகு என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெடை என்று சொன்னால் நாலு பேர் கூடையைச் சுற்றி நிற்பார்கள்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியிலும் இதற்கு வரிசையாகச் சொற்கள் உண்டு. பூல் என்றால் கோழி, பூலே என்றால் இளங்கோழி, பூலெத் என்றால் நம் வெடை. முட்டையிடும் முன்பே கொழுக்க வைத்துச் சமையலுக்கு அனுப்பும் வெடைக்குப் பூலார்த் என்று தனிப்பெயர். ஆங்கிலத்தில் புல்லட் என்கிறார்களே, அதுவும் பிரெஞ்சிலிருந்து போனதுதான். பிரெஸ் என்ற வட்டாரத்துக் கோழிக்கு 1957-இல் தனிச் சட்டமே போட்டு, அந்தப் பெயரில் எவனும் வேறு கோழியை விற்கக் கூடாது என்று காபந்து செய்திருக்கிறார்கள். அந்தக் கோழிக்கு நீலக் கால். நம் கதை மஞ்சள் காலைப் பற்றியது.

வெடைக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வளர்க்க வாங்குகிறவனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருட முட்டையும், அடைக்கு வைத்தால் குஞ்சுகளும் அதற்குள் இருக்கின்றன. பிள்ளை பெற்றவளுக்கு மிளகு தட்டிப் போட்டு ரசம் வைக்க நினைக்கிறவனுக்கு அதைவிட இளங்கறி கிடையாது. கிழட்டுக் கோழிக்கு இந்த இரண்டும் இல்லை. ஆகவே பொய்யும் இரண்டு பக்கம் நடக்கும். விற்கிறவன் கிழட்டுக் கோழியை வெடை என்பான். வாங்குகிறவன் வெடையைப் பார்த்துக் கிழடு என்பான். இரண்டாவது பொய்தான் அதிகம் வலிக்கும். ஏனென்றால் லயங்களில் கோழி வளர்ப்பது பெண்கள். சம்பளப் பணம் கைக்கு வருமுன்பே அதற்குக் கணக்கு இருக்கும். கோழிக்காசு ஒன்றுதான் அவர்கள் யாரையும் கேட்காமல் செலவு செய்யக்கூடிய காசு.

எழுபதுகளில் நான் உத்தியோகத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது, சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி எங்கும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் புதிதாக வேர் பிடித்துக்கொண்டிருந்தன. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்றும் 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வதென்றும் முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வதென்பதற்கு 1974 வரை காத்திருந்தார்கள். எண்ணிக்கை எழுதுவது குமாஸ்தாவுக்குச் சுலபம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, காடு வெட்டிச் செடி நட்டவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். 1968-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆயிற்று. என் மாமனார் வீடும் அப்படி வந்த குடும்பம்தான்.

மாமியார் கப்பலில் கொண்டுவந்தது இரண்டு பெட்டி, ஒரு அம்மிக்குழவி. கோழி கொண்டுவர முடியாது. வந்த ஆறு மாதத்தில், கைமாற்று வாங்கி ஒரு சேவலும் இரண்டு வெடையும் பிடித்துவிட்டார். கீரியும் காட்டுப்பூனையும் தின்றதுபோக எப்போதும் வீட்டில் பத்துப் பதினைந்து உருப்படி இருக்கும். சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்தால், "மாப்புள்ள, இங்க வாங்க. இதப் புடிங்க" என்று ஒரு கோழியைக் கையில் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் சொன்ன யாரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

முதலில் முகம். இளம் வெடையின் கொண்டை சிறியதாக, வெளிறிய ரோஜா நிறத்தில், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். முட்டைக்கு நெருங்க நெருங்கக் கொண்டையும் தாடியும் ரத்தம் பிடித்துச் சிவக்கும், மெழுகு பூசியதுபோல் மினுக்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் செட்டையைச் சற்று விரித்துப் பதுங்கும். மூலை மூலையாகப் போய் எட்டிப் பார்த்து, ஒரு தினுசாகக் கேறிக்கொண்டு திரியும். இந்த அடையாளம் எல்லாம் வந்துவிட்டால் முட்டை அநேகமாக ஒரு வாரம், இரண்டு வாரம்.

பிறகு கோழியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கம். எச்சவாய்க்குக் கீழே இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். வெடைக்கு அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைவதே கஷ்டம். முட்டையிடுகிற கோழிக்கு இரண்டு, மூன்று விரல் தாராளமாகப் போகும். எச்சவாயும் அப்படியே. வெடைக்குச் சிறியதாக, வட்டமாக, காய்ந்து, மஞ்சள் ஓரத்தோடு இருக்கும். இடுகிற கோழிக்கு அகன்று, ஈரமாக, வெளுத்திருக்கும். நெஞ்செலும்பின் பின்முனையை அழுத்தினால் இளசுக்குக் குருத்துப்போல் வளையும், கிழட்டுக்கு வளையாது. காலில் செதில் சொரசொரத்து, முள் இருக்கும் இடத்தில் குமிழ் தட்டினால் அதன் வயதைக் கேட்கவே வேண்டாம்.

கடைசியாகக் காலின் நிறம். இதை மாமியார் சொன்னபோது நான் நம்பவில்லை. "மஞ்சக் கால் கோழின்னா, முட்டை போடப் போட மஞ்ச கொறையும் மாப்புள்ள. அம்புட்டும் கருவுக்குப் போயிரும்." படித்த மாப்பிள்ளை மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இனி எழுதப் போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. 1978 அல்லது 79. கடைத்தெருவில் ஒரு தோட்டத்துப் பெண் கால் கட்டிய கோழி ஒன்றை வியாபாரியிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். மகனுக்குப் பரீட்சைப் பணம் கட்ட அன்றுதான் கடைசி நாள் என்று அவளே அவனிடம் சொல்லிவிட்டாள். அவசரம் தெரிந்தபின் வியாபாரி விடுவானா? கோழியைத் தலைகீழாகத் தூக்கி ஆட்டி, "இது முட்டையெல்லாம் போட்டு முடிச்ச கிழடு. எலும்புக்குத்தான் ஆகும்" என்றான். நான் இரண்டு கெஜ தூரத்தில் நின்றேன். கால்கள் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தன. கொண்டை சிவந்திருந்தது. அது வெடை, முட்டைக்கு நிற்கிற வெடை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சர்க்கார் உத்தியோகஸ்தன், வெள்ளைச் சட்டை, கடைத்தெருவில் நின்று கோழியின் பின்பக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று கூச்சம். அவள் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் வியாபாரி என்னைப் பார்த்து, "சார், நல்ல வெடை இருக்கு, வேணுமா?" என்றான். முழு விலை கொடுத்து நானே அதை வாங்கிக்கொண்டு போனேன்.

மாமியார் விரலை வைத்துப் பார்த்தார். "நல்ல வெடைதான். யாருக்கிட்ட வாங்கினீங்க?" என்று கேட்டார். கடையில் என்றேன். எட்டாம் நாள் அது முட்டை வைத்தது. அந்த முட்டையை நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். சாப்பிட்டேன்.

ஓய்வுபெற்றபின் நேரம் கிடைத்ததும், மாமியார் சொன்ன மஞ்சள் கணக்கு சரியா என்று தேட ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டோர்ஸ் என்ற ஊரில் பிளேக்ஸ்லீ, வார்னர் என்ற இருவர் 1915-இல் இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். தீனியிலுள்ள மஞ்சள் சத்து, முட்டையிடத் தொடங்கியதும் தோலுக்குப் போகாமல் கருவுக்குப் போகிறது. தோலில் ஏற்கெனவே இருந்தது மெல்ல மெல்ல வெளுக்கிறது. முதலில் எச்சவாய், பிறகு கண் ஓரம், பிறகு அலகு அடியிலிருந்து நுனிவரை, எல்லாவற்றுக்கும் கடைசியில் கால். கால் முழுக்க வெளுக்க நாலைந்து மாதம் ஆகும். முட்டை நின்றுவிட்டால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பி வரும், வெளுத்ததைவிட வேகமாக. ஆகவே காலை மட்டும் பார்த்து விலை பேசக் கூடாது. வெகுநாள் அடை கிடந்து எழுந்த தாய்க்கோழியும் மஞ்சள் காலோடு நிற்கும். விரல் அளவும் இப்படித்தான். வால்டர் ஹோகன் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஒரு முறையாக்கிப் புத்தகமே எழுதினார். மாமியார் எந்தப் புத்தகமும் படித்தவரில்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது இன்னொரு கேள்வி. எல்லாக் கோழிக்கும் மஞ்சள் கால் இல்லையே? கறுப்புக் கால் உண்டு, வெள்ளைக் கால் உண்டு. நாட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதை என்று சொல்லப்படுகிற செங்காட்டுக்கோழிக்கே கால் ஈயச் சாம்பல் நிறம்தான். அப்படியானால் இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது?

இங்கே என் பழைய ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பியேர் சொன்னெரா. 1748-இல் லியோன் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுக் கடற்படை நிர்வாகத்தில் கமிஸேர், அதாவது பேரேடும் சரக்கும் பார்க்கிற உத்தியோகம். நம் ஜாதி. 1774 முதல் 1781 வரை கீழ்த்திசையில் சுற்றியதை 1782-இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். புதுச்சேரியில் பின்னாலும் வெகுகாலம் இருந்தார். நம் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழியை ஐரோப்பாவுக்கு முறையாக எழுதிக் காட்டியவர் அவர்தான். டெம்மிங்க் என்ற டச்சுக்காரர் 1813-இல் அந்தப் பறவைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்: காலஸ் சொன்னெராட்டி. சேரங்கோட்டில் விடியற்காலையில் தேயிலைச் செடிக்கும் சோலைக்கும் நடுவிலிருந்து உடைந்த குரலில் கூவுகிறதே, அதுதான். சேவலின் கழுத்து இறகு நுனியில் மெழுகுத் துளி வைத்தாற்போல் பொட்டுப் பொட்டாக இருக்கும். அந்த இறகுக்காகவே வெள்ளைக்காரர் காலத்தில் எத்தனையோ சேவல்கள் போயின. தூண்டிலில் பொய்ப்பூச்சி கட்ட அது சீமையில் நல்ல விலைக்குப் போகுமாம். இப்போது 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, கை வைக்க முடியாது.

சொன்னெரா அதோடு விடவில்லை. வீட்டுக்கோழிக்கெல்லாம் மூலம் இந்தப் பறவைதான் என்று சொன்னார். நம்புவதற்கு ஆள் இல்லை. காரணமும் உண்டு. அவர் 1776-இல் நியூகினி யாத்திரை என்று ஒரு புத்தகம் எழுதி, அங்கே பெங்குவினைப் பார்த்ததாகப் படம் போட்டிருந்தார். நியூகினியில் பெங்குவின் கிடையாது. அவர் அந்தத் தீவில் காலே வைக்கவில்லை. அந்தப் பொய்யின் மிச்சமாக ஒரு பெங்குவினுக்கு இன்றும் பப்புவா என்று பெயர் இருக்கிறது. பொய்ப் பயணப்படி எழுதி மாட்டிக்கொண்டவன் பிறகு உண்மையான பில் கொடுத்தாலும் ஆபீஸில் இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்தக் கதிதான்.

பிறகு டார்வின் வந்தார். கல்கத்தா மியூசியத்திலிருந்த பிளைத் அனுப்பிய தகவல்களையும் வைத்துக்கொண்டு, 1868-இல் வெளியிட்ட புத்தகத்தில், வீட்டுக்கோழிக்கு மூதாதை செங்காட்டுக்கோழி ஒன்றுதான் என்று முடிவு கட்டினார். சாம்பல் கோழியின் குரல் வேறு, கழுத்து இறகு வேறு, வீட்டுக்கோழியோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் மலடு என்பவை அவர் எடுத்த காரணங்கள். அதற்குமேல் நூறு வருடத்துக்கு சொன்னெராவின் பேச்சு அடிபடவில்லை.

2008-இல் சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணுவைத் தேடினார்கள். தீனியில் வரும் மஞ்சள் சத்தைத் தோலில் உடைத்துப் போடுகிற நொதி ஒன்று உண்டு. செங்காட்டுக்கோழிக்கு அது தோலில் வேலை செய்கிறது, அதனால் தோல் வெளுப்பு. மஞ்சள் கால் வீட்டுக்கோழிக்கு அது தோலில் அடங்கிக் கிடக்கிறது, அதனால் மஞ்சள் தங்குகிறது. அந்த அடங்கிய வகை செங்காட்டுக்கோழியிலிருந்து வந்ததல்ல, அநேகமாகச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். எப்போதோ ஒரு காலத்தில் வீட்டுக்கோழியும் காட்டுக்கோழியும் சேர்ந்து, மலடாகாத ஒன்றிரண்டு குஞ்சு தப்பி, அதன் வழியே அந்த மஞ்சள் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அமெரிக்காவில் பிளேக்ஸ்லீ பார்த்த லெகார்ன் கோழியின் காலும் அதில் சேர்த்தி. மூதாதை விஷயத்தில் டார்வின் சொன்னதே பெரும்பகுதி நிற்கிறது. ஆனால் கால் விஷயத்தில் பெங்குவின் சொன்னெராவுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டியதாயிற்று. புதுச்சேரிக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைக்கவில்லை.

கடைத்தெருவில் அன்று அந்தப் பெண்ணின் கையில் தொங்கிய கால்களுக்கு இத்தனை பெரிய வரலாறு. தோப்புக்குள் கூவிக்கொண்டிருந்த பறவை கொடுத்த அடையாளத்தை வைத்துத்தான் நான் அதை வெடை என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடித்து என்ன, வாயைத் திறக்கவில்லை.

இப்போது சந்தை மாறிவிட்டது. பெங்களூர் கிரிராஜா, ஹைதராபாத் வனராஜா என்று அரசுப் பண்ணைகளும் பல்கலைக்கழகமும் உண்டாக்கிய கலப்பினங்கள் வண்டியில் வருகின்றன. நல்ல கோழிகள்தான், முட்டையும் அதிகம். அவற்றை நாட்டு வெடை என்று சொல்லி விற்பதுதான் அயோக்கியத்தனம். நாட்டுக்கோழி முதல் முட்டைக்கு ஆறு மாதம், சில சமயம் ஏழு மாதம்கூட எடுக்கும். வயதுக்கு மீறிப் பருத்த உடம்போடு, தடித்த காலோடு இருப்பதைப் பார்த்தால் இரண்டு கேள்வி அதிகம் கேளுங்கள்.

கீழ் லயத்துப் பெண்ணின் விஷயத்தைப் பாதியில் விட்டேன். மூன்றையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தேன். முதலாவது முட்டைக்கு நிற்கிற வெடை, கொண்டையே சொல்லியது. இரண்டாவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகலாம். மூன்றாவது சிறிசு, நாலு மாதம் நிரம்பவில்லை. கொண்டை வெளுப்பு, ஒரு விரல்கூட நுழையவில்லை. அதையும் வெடை என்றேன். வாங்க வந்தவர் எருமாட்டிலிருந்து வந்த மலையாளி. கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். நான் நாற்காலியைத் திண்ணை ஓரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எலும்பு, எச்சவாய், அலகு, கால் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவரும் விரல் வைத்துப் பார்த்தார். உருப்படிக் கணக்கில், அவள் கேட்ட விலைக்கு ஐம்பது ரூபாய் குறைத்துப் படிந்தது. அவள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

முந்தாநாள் அந்த மலையாளி போன் செய்தார். முதல் கோழி முட்டை வைத்துவிட்டதாம். மூன்றாவது கூவுகிறதாம்.